ஹைட்ராஞ்சியாவுக்கு வந்த காய்ச்சல்

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியும் போக மனசில்லாமல் மலை ஊரான ஓடைமட்டத்தையே சுற்றிக்கொண்டிருந்த பனி, பதினோராம் நாள் விடியற்காலையில், போகிறதுதான் போகிறோம் ஒரு கை பார்த்துவிட்டே போவோம் என்று நினைத்ததோ என்னவோ, மேட்டு லைன் தெருவில் இருந்த பதினான்கு வீட்டுத் தோட்டங்களிலும் இறங்கி, டேலியாவை உப்பில் போட்ட மாங்காய் மாதிரி சுருட்டி, ஜெரேனியத்தைக் கருக்கி, ஜிமிக்கி ஜிமிக்கியாகத் தொங்கிக்கொண்டிருந்த ஃபியூஷியாவை ஒன்றுவிடாமல் உதிர்த்து, பெகோனியா இலைகளை வேகவைத்த கீரையாக்கி, சூரியன் எட்டிப் பார்த்ததும் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஆவியாகிப் போனது. அது போன பத்தாவது நிமிஷத்தில் செடிகளுக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் கண்ட பத்தாவது நிமிஷத்தில் செடிகள் பிதற்ற ஆரம்பித்தன.

முதலில் வாயைத் திறந்தது சூசை மாமா வீட்டு டேலியா. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆன சூசை மாமாவின் அதே கரகரப்பில், "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத, நடுவுல அவ்வளவு எடம் கெடக்குது பாரு" என்று அதட்டியது. வெந்நீர் வைத்துக்கொண்டிருந்த மாமா, தன்னையறியாமல் இரண்டடி உள்ளே நகர்ந்து நின்றார். அடுத்த வீட்டில், கணக்கு ட்யூஷன் எடுக்கிற புஷ்பலீலா டீச்சரின் ஜெரேனியம், டீச்சர் குரலிலேயே, "பதிமூணு ஆறு எழுவத்தெட்டா, எம்பத்தெட்டா, ஆண்டவரே, பிள்ளைங்க வர்றதுக்குள்ள சொல்லிக் குடுத்துரு" என்று மன்றாடியது. மூன்றாவது வீட்டில் பெள்ளி அக்காவின் பெகோனியா ரகசியம் பேசுகிற தொனியில், ஆனால் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி, "யார்கிட்டயும் சொல்லிராத, நாலு ஊருல பேர் வாங்கின அவரைக் குழம்பு நான் வெக்கறதில்ல, இவருதான் வெக்கறாரு" என்று சொன்னது.

 பிறகு பதிமூன்று வீட்டிலிருந்தும் ஒரே பெயர் கிளம்பியது.

"தமயந்தீ!"

தமயந்தி பதினான்காம் வீட்டுப் பெண். பதினாறு வயசு. அவள் தொண்டைக்குள் யார் குடியிருந்தார்கள், எத்தனை பேர் குடியிருந்தார்கள் என்று கணக்கெடுக்க யாராலும் முடிந்ததில்லை. கேரட் ஏலம் விடுகிறவர் குரல் வரும், பாதிரியார் குரல் வரும், ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர் வரும், பிரஷர் குக்கரின் மூன்றாவது விசில் வரும். அந்த விசிலைப் பெள்ளி அக்கா வீட்டு ஜன்னலோரம் நின்று கொடுத்து, அக்கா அடுப்பை அணைத்து, வந்திருந்த சம்பந்தி வீட்டாருக்கு அரைவேக்காட்டுச் சோறு போட்டது ஓடைமட்டத்தின் சரித்திரத்தில் ஒன்று. ஆனால் மாசி மாசம் அவள் செய்தது சரித்திரத்தையே தாண்டிப் போய்விட்டது. ஐந்து மணிக்கு ஊத வேண்டிய தேயிலை ஃபேக்டரிச் சங்கை, பித்தளைக் குடத்துக்குள் தலையை விட்டு நாலு மணிக்கே அவள் ஊத, நூற்று நாற்பது பேர் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தொட்டியில் கிடந்த இலை புளித்து, மூன்று நாள் ஃபேக்டரி பக்கம் மாடுகூடப் போகவில்லை.

அதே ஃபேக்டரியில் தூள் சலிக்கிற வேலை பார்ப்பவள் தமயந்தியின் அம்மா இந்திராணி. பதினெட்டு வருஷமாக அவள் ஃபேக்டரிக்குள் பேசிய பேச்சை எல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிரம்பாது. மேனேஜர் கூப்பிட்டு நிறுத்தியபோதுதான் முதல் தடவையாக நீளமாகப் பேசினாள். "இனி ஒரே ஒரு புகார் வந்தாலும், ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்கறப்ப இவளத் திருப்பூர்ல எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடறேங்க. நீங்க எனக்கு வேலைய மட்டும் விட்டுக் குடுங்க."

அன்றிலிருந்து தமயந்தி எந்தக் குரலையும் எடுக்கவில்லை. தும்மல் வந்தால்கூட, வேறு யார் தும்மலாவது வந்துவிடப் போகிறதே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.  திருப்பூரில் பெரியம்மா வீட்டில் சத்தம் போட்டுச் சிரித்தால் மாடி வீட்டுக்காரர் கீழே இறங்கி வருவார். ஆனால் திருப்பூரைவிட இன்னொரு விஷயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அம்மா அந்த வார்த்தையை மேனேஜருக்குப் பயந்து சொன்னாளா, இல்லை, நிஜமாகவே இவள் தொல்லை ஒழிந்தால் போதும் என்று நினைத்துச் சொன்னாளா? கேட்டால் அம்மா "ம்" என்பாள். அம்மாவின் "ம்"முக்கு அகராதி கிடையாது.

ஆக, பதிமூன்று வீட்டுக் கூட்டமும் பதினான்காம் வீட்டு வாசலுக்கு வந்தபோது, தமயந்தி வாய் நிறைய டூத்பேஸ்ட் நுரையோடு குழாயடியில் நின்றிருந்தாள்.

"நிறுத்துடி!" என்றார் சூசை மாமா.

"ம்ம்ம்?" என்றாள் தமயந்தி, நுரைக்குள்ளிருந்து.

அந்த நேரம் பார்த்து மூன்றாவது வீட்டிலிருந்து பெகோனியா, "உப்புப் பத்தலேன்னு மட்டும் ஒரு வாட்டி சொல்லிட்டேன், ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காரு" என்று தொடர்ந்தது. எல்லோரும் தமயந்தியின் வாயைப் பார்த்தார்கள். நுரை அசையவில்லை. புஷ்பலீலா டீச்சர், நிரூபணம் ஆன கணக்கைப் பார்க்கிறவர் போலத் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப செடிதான் பேசுது" என்றார். "செடிதான்" என்றார் சூசை மாமா. "காய்ச்சல் வந்தா யாருதான் ஒளறாம இருக்காங்க" என்றாள் பெள்ளி அக்கா. அத்தோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. செடி எப்படிப் பேசும் என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. இனி என்ன பேசும் என்பதுதான் எல்லோருக்கும் கவலையாகிவிட்டது.

ஏன் கவலை என்றால், ஓடைமட்டத்தில் தண்ணீர் ஊற்றுகிற யாரும் சும்மா ஊற்ற மாட்டார்கள். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, பேசிக்கொண்டேதான் ஊற்றுவார்கள். மலைக்காற்றில் பூ பெரிதாக வேண்டுமென்றால் எரு பாதி, பேச்சு பாதி என்பது அங்கே வழக்கம். புருஷனிடம் சொல்ல முடியாதது, பாதிரியாரிடம் சொல்லக் கூடாதது, டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டது எல்லாம் வேருக்குத்தான் போகும். இதிலே ஒரு கட்டுப்பாடும் உண்டு. அடுத்த வீட்டுப் பூவைப் பறித்தால் ரெண்டு திட்டு திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள், ஆனால் அடுத்த வீட்டுச் செடியிடம் பேசினால் விடமாட்டார்கள். எந்தக் காலத்திலோ ஒருத்தன் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ரோஜாவிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லப் போய், அந்த ரோஜா சொந்தக்காரிக்கு முதுகைக் காட்டி, எட்டு வருஷம் வேலி தாண்டியே பூத்ததாம். அதனால் செடி வளர்ப்போர் சங்கத்தின் முதல் விதியே, அடுத்தவர் செடியிடம் பேசியவர் ஏழு வருஷம் போட்டிக்கு வரக் கூடாது என்பதுதான். போட்டி வருஷா வருஷம் சித்திரை பதினைந்தில் நடக்கும். மூன்று நடுவர்கள் வீடு வீடாக வந்து மார்க் போடுவார்கள். வெள்ளிக் கோப்பையை ஆறு வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தவர் ரூபவதி மேடம்; சங்கத் தலைவி, ஃபேக்டரி மேனேஜரின் மனைவி, ஃபேக்டரிக்குள்ளேயும் போய் அதட்டிவிட்டு வருகிறவர், ஓடைமட்டத்தில் கண்ணாடி அறை கட்டிச் செடி வளர்க்கிற ஒரே ஆள். கண்ணாடிக்குள் பனி போகாது. மேடத்தின் செடிகளுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

மேட்டு லைனில் பதிமூன்று வீடும் ஆஸ்பத்திரி ஆனது. கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தணிகாசலத்தைக் கூட்டிவந்தார்கள். அவர் தெர்மாமீட்டரை டேலியா வேரடி மண்ணில் சொருகி, ஒரு நிமிஷம் வாட்சைப் பார்த்து, "நூத்தி ரெண்டு" என்றார். உச்சி வெயில் படக் கூடாது, தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்ற வேண்டும், கருகின இலையைப் பிய்க்கக் கூடாது, சுக்குப் புகை போடலாம். டேலியாக்களுக்குக் குரங்குக் குல்லாய் மாட்டினார்கள். ரோஜாப் புதருக்கு ஸ்வெட்டர் போட்டு, முள்ளில் மாட்டிக் கிழித்து, மறுபடி தைத்துப் போட்டார்கள். தெருவில் பத்து வருஷமாக ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காதவர்கள்கூடக் கையில் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு, "உங்க ஜெரேனியத்துக்கு ஒடம்பு சரியில்லையாமே, பாத்துட்டுப் போலாம்னு" என்று வந்து, ஜெரேனியத்தின் தலைமாட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரர்கள் ரேடியோவை அலறவிட்டார்கள். வந்தவர்கள், "சத்தத்தக் கொறைங்க, சீக்காளி தூங்கட்டும்" என்றார்கள்.

இப்படியாக முதல் நாள் எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது, இரண்டாம் நாள் எல்லோருக்கும் சிரிப்பாக இருந்தது, மூன்றாம் நாள் வேறென்னவோ ஆகிவிட்டது. "முப்பத்தோரு வருஷமும் ஒவ்வொரு வளைவுலயும் எனக்கு வாந்திதான், எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டேதான் டிக்கெட் கிழிச்சேன், ஒருத்தனுக்கும் தெரியாது" என்று டேலியா உடைந்து சொன்ன மறுநாள் காலையில், சூசை மாமா வீட்டு கேட்டின் மேல் பதினோரு எலுமிச்சம்பழங்கள் வரிசையாக இருந்தன. யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. ட்யூஷன் பிள்ளைகள் ஜெரேனியத்தைச் சுற்றி உட்கார்ந்து, "பதிமூணு ஆறு எழுவத்தெட்டு" என்று அதற்கும் டீச்சருக்கும் சேர்த்து ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். பெள்ளி அக்கா வீட்டுக்காரர் லிங்கன், முதல் தடவையாக முன்வாசல் வழியாகவே மார்க்கெட்டுக்குப் போய், நின்று, நாலு பேருக்கு அவரைக் குழம்புப் பக்குவம் சொல்லிவிட்டு வந்தார்.

இதில் எல்லாம் சேராமல் இருந்தது பதினான்காம் வீட்டு ஹைட்ராஞ்சியா மட்டும்தான்.

இந்திராணியிடம் இருந்தது அந்த ஒரே செடி. பழைய பெயிண்ட் டப்பாவில் வைத்து, இடுப்பு உயரம் வளர்த்து, தலை தலையாக நீலப்பூ பூக்க வைத்திருந்தாள். ஃபேக்டரிக்குக் கிளம்புவதற்கு முன்னால், மகள் எழுந்திருக்காத நேரத்தில், அதன் பக்கத்தில் கால் மணி நேரம் குந்தியிருப்பாள். என்ன பேசுவாள் என்று தமயந்திக்குத் தெரியாது. பனி விழுந்த அன்று காலையில் இந்திராணி செய்த முதல் காரியம், அந்தச் செடியை டப்பாவோடு தூக்கி, வெந்நீர் அடுப்பு இருக்கிற குளியலறை மூலையில் வைத்து, சாக்கைப் போட்டு மூடி, அதன் மேல் தன் சால்வையைச் சுற்றி, கயிற்றால் கட்டியது.

"செத்துப்போச்சு" என்றாள்.

"செத்ததுக்கு எதுக்கும்மா சால்வை?"

"ம்" என்றாள் இந்திராணி.

தமயந்திக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. அம்மாவின் மனசில் இருந்ததெல்லாம் அந்தச் சாக்குக்குள் இருந்தது. 'இந்தச் சனியன் எப்ப ஒழியும்' என்றிருக்குமோ? 'ஜூன் மாசம் எப்ப வரும்' என்றிருக்குமோ? குளிக்கிற சாக்கில் அவள் சாக்குமூட்டையில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே என்னவோ முனகியது. ஆனால் வாயில் துணி அடைத்த மாதிரி, சொல் எதுவும் பிடிபடவில்லை. கயிற்றில் அம்மா போட்டிருந்தது தேயிலை மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. அதை அவிழ்த்தால் திரும்பப் போடத் தெரியாது. நாலு நாளும் அவள் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டே குளித்தாள்.

சித்திரை பதினைந்து வந்தது. செடிகள் கிடையில் கிடந்தாலும் தேதி தேதிதான் என்று நடுவர்கள் மூன்று பேரும் கையில் மார்க் ஷீட்டோடு வந்துவிட்டார்கள். சங்கத் தலைவி என்ற முறையில் ரூபவதி மேடமும் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னால் டிரைவர் குட்டப்பன் குடை பிடித்துக்கொண்டு வந்தான். மழையும் இல்லை வெயிலும் இல்லை, ஆனாலும் பிடித்தான். வீடு வீடாகப் போனார்கள். டேலியா நடுவர்களை உள்ளே தள்ளி நிற்கச் சொன்னது, நின்றார்கள். பெரிய நடுவர் சதானந்தம் மார்க் ஷீட்டை முன்னும் பின்னும் திருப்பி, "இலைக்குக் கட்டம் இருக்கு, பூவுக்குக் கட்டம் இருக்கு, பேச்சுக்குக் கட்டம் இல்லையே" என்று வருத்தப்பட்டார். பதினான்காம் வீட்டுக்கு வந்து சேரும்போது தெரு முழுக்க அவர்கள் பின்னால் இருந்தது.

"ஹைட்ராஞ்சியா ஒண்ணு பதிஞ்சிருக்கீங்களே?" என்றார் சதானந்தம்.

"செத்துப்போச்சுங்க."

"செத்திருந்தாலும் பாத்துத்தாங்க பூஜ்யம் போடணும்."

இந்திராணி அசையவில்லை. குட்டப்பன்தான் குடையை மடக்கி வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் டப்பாவைத் தூக்கிவந்து, முற்றத்தில் வைத்து, பாக்கெட் கத்தியால் கயிற்றை அறுத்தான். சால்வை விழுந்தது. சாக்கு விழுந்தது. விளிம்பெல்லாம் கருகி, பூத்தலைகள் காய்ந்த தேயிலை நிறத்துக்குப் போய், ஹைட்ராஞ்சியா நாலு நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டது. விட்டுவிட்டுப் பேசியது.

"இந்திராணீ... தூள் சலிக்கறியா, தூங்கறியா? யாரு இந்த வாளிய வழியில வெச்சது? நான் வழுக்கி விழணுமா? வெச்சவ யாருன்னு இப்ப தெரிஞ்சாகணும். என்னது, நானே வெச்சதா? சரி, இருக்கட்டும், நல்ல எடம்தான்."

ரூபவதி மேடத்தின் குரல். அந்த மூக்கு, அந்த இழுப்பு, 'சரி இருக்கட்டும்' என்று கீழே இறங்குகிற அந்தப் படிக்கட்டு, ஒரு மாற்றுக்கூடக் குறையாமல்.

தெரு மேடத்தின் பக்கம் திரும்பியது.

"மேடம்" என்றாள் பெள்ளி அக்கா மெதுவாக, "நீங்க எப்ப இந்தச் செடிகிட்டப் பேசினீங்க?"

"நானா? நான் இதுக்கு முந்தி இந்த வாசல மிதிச்சதே இல்ல!"

"செடி பொய் சொல்லாதுங்களே மேடம்" என்றார் சூசை மாமா. "காதுல விழுந்தத, விழுந்த கொரல்லயே சொல்லுது. எங்க வீட்டுச் செடி எங்க மானத்தையே வாங்கிருச்சு. நாங்க ஒத்துக்கலயா?"

"ஏழு வருஷம்" என்றார் புஷ்பலீலா டீச்சர். கணக்குச் சரியாக வந்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. "விதி ஒண்ணு. நீங்கதான் மேடம் போர்டுல எழுதி மாட்டினீங்க."

மேடத்தின் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. கண்கள் கூட்டத்தைத் துழாவிக்கொண்டு வந்து ஒரு இடத்தில் நின்றன. "இருங்க. இந்த லைன்ல அடுத்தவங்க கொரல வெச்சிப் பொழைக்கிற ஆளு ஒண்ணு இருக்கே."

எல்லோரும் தமயந்தியைப் பார்த்தார்கள். தமயந்தி அம்மாவைப் பார்த்தாள்.

அம்மாவின் முகம் எப்போதும் போலக் கல்லாகத்தான் இருந்தது. ஆனால் உதட்டின் வலது ஓரம் மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பைத் தமயந்திக்குத் தெரியும். ஒரு குரல் தொண்டையில் ஏறுவதற்கு முன்னால் தன் உதட்டிலும் அதே இடம்தான் துடிக்கும். கண்ணாடியில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! ஐயோ, அம்மா! இந்தக் கல்லா? கல்லுக்குள்ளா இது? சிரிப்பும் பயமும் ஒரே நேரத்தில் அவள் நெஞ்சில் முட்டின. மேனேஜர் சம்சாரத்தைப் பழித்துக் காட்டியது இன்னார் என்று தெரிந்தால், சாயந்தரம் சங்கு ஊதுவதற்குள் அம்மாவுக்கு வேலை போய்விடும்.

"நான்தான் மேடம்" என்றாள் தமயந்தி. "பனிக்கு முந்தியே, தெனமும் காலைல வந்து உங்க கொரல்ல அதுகிட்டப் பேசினேன். சும்மா, தமாசுக்கு."

தெரு "அதானே!" என்று மூச்சு விட்டது.

மேடம் இந்திராணியிடம் திரும்பினார். "மாசி மாசம் எங்க வீட்டுக்காரர் முன்னாடி என்ன சொன்னே?"

"ஜூன் மாசம் அனுப்பிடறேன்னு சொன்னேன்."

"அப்ப அனுப்பு."

இந்திராணி வாயைத் திறந்தாள், மூடினாள். அந்த இடைவெளியில் ஹைட்ராஞ்சியா மறுபடி பேசியது. இந்தத் தடவை அது தமயந்தியின் குரல்.

"அம்மா, பசிக்குதும்மா. தோசைய மொறுகலா ஊத்தும்மா. இன்னிக்கு யார் கொரல் வேணும் உனக்கு, சொல்லு?" என்றது செடி. கொஞ்சம் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, சரியாக வரவில்லை என்று திரும்ப ஆரம்பிக்கிற மாதிரி, "அம்மா... பசிக்குதும்மா" என்று இன்னும் கொஞ்சம் மெலிசாகச் சொன்னது. "நான் திருப்பூர் போயிட்டா என் கொரலுக்கு எங்க போவே? இப்பவே நல்லாப் படிச்சு வெச்சுக்க. தெனம் ரெண்டு வாட்டி சொல்லிப் பாரு, மறக்காது."

தமயந்தியின் வாய் மூடியிருந்தது. அந்தப் பேச்சை அவள் ஒருநாளும் பேசியதில்லை. அந்தச் செருமல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். நாலு நாளாக அவள் கேட்க ஏங்கியது அதுதான். கேட்டதும் மூக்கைப் பிடித்துக்கொள்ள மறந்து, தன் சொந்தக் குரலிலேயே ஒரு விசும்பல் வந்துவிட்டது.

இந்திராணி இரண்டடி முன்னால் வந்தாள்.

"அவ பொய் சொல்றா மேடம். அது நான்."

"நீயா?" என்றார் மேடம். "உனக்கு எங்க வாய் இருக்கு?"

 இந்திராணி முந்தானையை இழுத்துச் சொருகி, கழுத்தை அரை அங்குலம் உயர்த்தி, கண்ணைப் பாதி மூடினாள். உதட்டோரம் துடித்தது. "குட்டப்பா! ஜீப்ப எடு. எவ்வளவு நேரம் நிக்கறது? எனக்குக் காலு இரும்புலயா செஞ்சிருக்கு?" என்றாள்.

குட்டப்பன் ஓடிப்போய் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். நின்ற பிறகுதான், மேடம் நின்ற இடத்திலேயே வாயை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தான்.

முதலில் வாயைப் பொத்தியவர் சதானந்தம். பொத்தியும் பிரயோஜனம் இல்லை, மூக்கு வழியாக வந்துவிட்டது. அப்புறம் சூசை மாமா, அப்புறம் பெள்ளி அக்கா, அப்புறம் அணை திறந்த மாதிரி தெரு முழுக்க. இந்திராணி மட்டும் சிரிக்கவில்லை. வேலை போய்விட்டது என்று தெரிந்தவளாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் அப்படியா பேசறேன்?" என்றார் மேடம். சிரிப்பு நின்றது. "மூக்காலயா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க."

"கொஞ்சம், மேடம்" என்றார் சூசை மாமா.

மேடம் கழுத்தை நிமிர்த்தினார். "குட்டப்பா, ஜீப்ப எடு" என்றார். குட்டப்பன் குழப்பத்தோடு இந்திராணியைப் பார்த்தான். "பத்தல மேடம்" என்றார் புஷ்பலீலா டீச்சர். யார் என்ன தப்புச் செய்தாலும் திருத்தாமல் இருக்க அவரால் முடியாது. "இன்னும் கொஞ்சம் மூக்கு வேணும். இந்திராணி சொன்னதுதான் உங்கள மாதிரி இருக்கு." மேடம் மறுபடி சொன்னார். மூன்றாம் தடவையும் சொன்னார். தன் குரல் தனக்கே வராமல், கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் அப்படியே உட்கார்ந்தார்.



"என் செடி ஒண்ணுக்கும் காய்ச்சல் இல்ல" என்றார் மேடம், யாரிடமும் இல்லாமல். "வந்திருந்தாலும் அதுங்க என்னத்தப் பேசும்? நான் ஒண்ணும் சொல்லல. தண்ணி ஊத்தினேன், அவ்வளவுதான். சொல்றதுக்கு என்ன இருக்கு?" பிறகு நிமிர்ந்தார். குரலில் மூக்கே இல்லை. "இந்திராணி. எங்க வீட்டுக்காரர் கொரல் வருமா உனக்கு?"

இந்திராணி யோசித்தாள். வேலை விஷயம் என்பதால் நிதானமாக யோசித்தாள். "மேனேஜர் ஐயா கொரல் எனக்கு வராதுங்க மேடம். அது அடி வயித்துலருந்து எடுக்கணும். இவளுக்கு வரும்."

தமயந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "என்ன சொல்லணும் மேடம்?"

"இருபத்தாறு வருஷமா சாயந்தரம் வர்றாரு. செருப்பக் கழட்டறாரு, பேப்பர எடுக்கறாரு. தோட்டத்து வழியாத்தான் வர்றாரு. ஒரு நாளாவது..." மேடத்துக்கு அதற்கு மேல் வரவில்லை.

தமயந்தி கண்ணை மூடினாள். மாசியிலிருந்து அடைத்துக் கிடந்த தொண்டை வழியே, அடி வயிற்றிலிருந்து, சுருட்டு வாசனையும் ஃபேக்டரிப் புகையும் கலந்த ஒரு கனத்த குரல் படி ஏறி வந்தது.

"ரூபா... இந்த ஃபியூஷியா யாரு வெச்சது? நீயா? நல்லா இருக்கே."

"ஆமாங்க" என்றார் மேடம், யோசிக்காமல், வாளியிலிருந்து பாதி எழுந்து. "ரெண்டு வருஷம் ஆச்சுங்க வெச்சு. இப்பத்தான் பாத்தீங்களா?"

பதிமூன்று வீட்டாரும், மூன்று நடுவர்களும், டிரைவர் குட்டப்பனும் சட்டென்று எதிரே இருந்த கற்பூர மரத்தை, அதை அன்றுதான் யாரோ கொண்டுவந்து நட்டது போல, தலையைத் தூக்கி உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள். மேடம் மூக்கைச் சிந்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, மறுபடி மேடமாகிற வரைக்கும் மரத்தை விட்டு ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை.

"மேடம்" என்றாள் இந்திராணி தயங்கி, "ஜூன் மாசம் இவளத் திருப்பூருக்கு..."

"திருப்பூர்ல எனக்கு யாரத் தெரியும்?" என்று எரிந்து விழுந்தார் மேடம். "அவ்வளவு தூரம் யாரு போய்ட்டு வர்றது?" ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தப் போன குட்டப்பனின் கையைத் தடுத்தார். "இந்திராணி, நாளைக்கு அஞ்சரைக்கு இவளத் தோட்டத்துக்கு வரச் சொல்லு. அவரு ஆறு மணிக்குத்தான் வருவாரு."

"சரிங்க மேடம்" என்று ஒரு குரல் கேட்டது. ஒரே ஒரு குரல்தான். சொன்னது தாயா மகளா என்று, பக்கத்திலேயே நின்றிருந்த சூசை மாமாவாலும் சொல்ல முடியவில்லை.